விதைப் பைகளில் ஏறும் நிலைமின்சாரமும் அதைப் போக்கும் அயனி ஊதிகளும்

திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தினின்று 1943-ஆம் ஆண்டில் வெளிவந்த டி.எம்.வி. 3 எள், தென்னாற்காட்டு நாட்டு ரகத்தை மலபார் ரகத்தோடு கலந்து உண்டாக்கப்பட்டது. கருஞ்செந்நிறமுள்ள இவ்வெள்ளைக் கட்டிய குழாயிலேயே அடுத்து வெள்ளை எள்ளை விட்டால், ஒட்டி நின்ற சில மணிகள் அதனுடன் கலந்துவிடும். ஓர் எள்மணியின் எடை சுமார் 3 மில்லிகிராமே. ஆதலால் அது பிளாஸ்டிக்கில் எளிதில் பற்றிக்கொள்ளும். விதைக்கென விளைவிப்போருக்கு இக்கலப்பு பெருநஷ்டமாகும்.

இதற்குக் காரணம் நிலைமின்சாரம். நன்கு காய்ந்த விதை பிளாஸ்டிக் குழாயிலும் பாலிதீன் பையிலும் உராயும்போது மின்னேற்றம் உண்டாகிறது. சித்திரை, வைகாசியில் கடற்காற்று எழத் தாமதிக்கும் நாட்களில் விழுப்புரம், திண்டிவனம் பக்கங்களில் காற்று வறண்டு, இத்தொல்லை மிகுகிறது. நூற்பாலைகளில் காற்றை ஈரமாக்கி இதைத் தடுப்பர். விதைக்கு அம்முறை ஆகாது. ஈரம் ஏறினால் முளைப்புத் திறன் குன்றும். மணிலாப் பருப்பில் பூஞ்சணமும் பிடிக்கும்.

இரும்புத் தொட்டியையும் சல்லடையையும் கம்பியால் பூமியோடு இணைத்தால் அவற்றின் மின்னேற்றம் இறங்கிவிடும். பிளாஸ்டிக்கோ மின்சாரத்தைக் கடத்தாது. எனவே அதற்கு அயனி ஊதி வேண்டும். இது கூரிய ஊசிகளில் சில ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் செலுத்தி, காற்றில் நேர், எதிர் அயனிகளை உண்டாக்கி, விசிறியால் பொருளின்மேல் வீசும். பொருளின் மின்னேற்றத்திற்கு மாறான அயனிகள் அதில் படிந்து அதனைச் சமனாக்கும்.

இவ்வூதிகள் நான்கு வகைப்படும்.

முதலாவது, மாறுதிசை மின்சார வகை. ஒரே ஊசி இருவகை அயனிகளையும் மாறிமாறித் தருவதால் சமநிலை எளிதில் கெடாது. அயனிகள் விரைவில் ஒன்றோடொன்று கூடி அழிவதால், ஓரிரண்டு முழத் தொலைவுக்கே பயன்படும்.

இரண்டாவது, நேர்திசை மின்சார வகை. நேர் அயனிக்கும் எதிர் அயனிக்கும் தனித்தனி ஊசிகள் உண்டு. அயனிகள் இன்னும் தொலைவு செல்லும். ஒருபுறத்து ஊசிகள் மட்டும் தூசால் மூடினால், ஊதியே பொருளுக்கு மின்னேற்றம் ஏற்றிவிடும்.

மூன்றாவது, விட்டுவிட்டு இயங்கும் நேர்திசை வகை. நேரும் எதிரும் முறைமாற்றி வெளிப்படும். அகன்ற கூடங்களுக்கு ஏற்றது. மிக அருகில் வைத்தால் மின்னழுத்தம் ஏறியிறங்கும்.

நான்காவது, பொலோனியம்-210 என்னும் கதிரியக்கப் பொருளால் இயங்குவது. இதற்கு உயர் மின்னழுத்தம் வேண்டியதில்லை. ஆயின் இப்பொருளின் வலிமை 138 நாட்களில் பாதியாகும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளுக்கும் உட்பட்டது. ஆகவே கிராமத்து விதைக் கொட்டகைக்கு உகந்ததன்று.

வாங்குமுன், 1000 வோல்ட் மின்னேற்றம் 100 வோல்ட்டாகக் குறைய எத்தனை விநாடியாகிறது என்பதையும், முடிவில் எவ்வளவு வோல்ட் எஞ்சுகிறது என்பதையும் கேட்டறிதல் வேண்டும். இரண்டும் குறைவாயிருப்பதே நல்ல ஊதி. பை கட்டும் மேசைக்கு முதல் வகையே போதும். வெறும் பையின் வாயிலும், ரகம் மாற்றுமுன் வெறுங்குழாயிலும் ஊதியைக் காட்டிப் பின் துடைத்தெடுக்க வேண்டும். விதை விழும்போது காட்டினால் எள் பறந்துவிடும்.

தூசு மிகுந்த இடத்தில் ஊசிகளை வாரந்தோறுமாவது, மின்சாரத்தை நிறுத்தியபின், துடைத்தல் அவசியம். உமித்தூசு புகைபோல் மிதக்கும் கடலை உடைக்கும் யந்திரத்தருகே சாதாரண ஊதியை ஒருபோதும் வைக்கலாகாது, தூசு தீப்பற்றக்கூடும். அங்கே தூசை அகற்றுவதும், யந்திரங்களைப் பூமியோடு இணைப்பதுமே தக்க வழி. விதைக் கொட்டகை எதுவாயினும், செலவற்ற இவ்விணைப்பை முதலில் செய்து பார்த்து, அதன் பின்னும் குறை தீராவிடில் மட்டும் ஊதி வாங்குவது நலம்.