அயல்மொழியும் அச்சமும்: மணிச்சித்திரத்தாழ், சந்திரமுகி ஓர் ஒப்பீடு

பாசில் இயக்கிய மலையாளப் படமான 'மணிச்சித்திரத்தாழ்' 1993இல் வெளிவந்தது. பி. வாசு அதனை 2004இல் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' என்றும் 2005இல் தமிழில் 'சந்திரமுகி' என்றும் மறுஆக்கம் செய்தார். மூலத்திலும் தமிழாக்கத்திலும் மையச் சிக்கல் மனநோயே. மாறுவது நோயுற்றவள் பேசும் மொழி.

மூலத்தில் கங்கை தன்னை நாகவல்லி எனும் தஞ்சை நடனமாதாகக் கருதித் தமிழ் பேசுகிறாள். தமிழாக்கத்திலோ கங்கா சந்திரமுகியாகித் தெலுங்கு பேசுகிறாள். 2007இல் பிரியதர்சன் இயக்கிய இந்திப் படமான 'பூல் புலையா'வில் அம்மொழி வங்காளமாகிறது. பழகிய பெண்ணின் வாயில் பழகாத மொழி பிறப்பதே இங்கு அச்சத்தின் ஊற்று. தமிழ்ப் பார்வையாளருக்குத் தமிழ் அவ்வச்சத்தைத் தாராது. எனவே இம்மாற்றம் கதையின் தேவையே ஆகும்.

ஆயினும், மறுஆக்கத்தை மட்டும் கண்டவர், மூலத்தில் அச்சமூட்டும் அயல்மொழி தமிழே என்பதை அறியார். மலாயாத் தோட்டங்களில் தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் அருகருகே வாழ்ந்தவர்கள். அம்பாங் பெச்சா முதலிய வடசிலாங்கூர் ஊர்களில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்கள் இவ்விரு படங்களின் உச்சக்காட்சிகளையும் அடுத்தடுத்துக் காட்டலாம். யார் மொழி யாருக்கு அயலாகிறது என்னும் வினா மாணவரிடமே எழும். பிறர் செவியில் நம் மொழி எவ்வாறு ஒலிக்கும் என எண்ணிப் பார்ப்பதும் மொழிக்கல்வியின் பகுதியேயாம்.