ஒட்டுதல் என்றொரு சொல்

"ரேடியோவுல யார் யாரோ போன் பண்றாங்க, நல்லா ஒட்டிப் பேசுற. வீட்டுக்கு வந்தா மட்டும் ஒட்டவே மாட்டேங்கிற."

போன மாதம் சிரம்பான் வீட்டில் பாட்டி இப்படிச் சொன்னபோது என் கண் கைப்பேசியில் இருந்தது. சுருக்கென்றது.

வானொலியில் 'அன்பு', 'பாசம்' என்று தினமும் பேசுகிறேன். 'ஒட்டுதல்' என்று ஒரு நாளும் சொன்னதில்லை. பாட்டிக்கு அது அன்றாடச் சொல். ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். வெட்டிய கோட்டில் காய்ந்து மரத்தோடு பிடித்துக்கொள்வது ஒட்டுப்பால். உரித்தால் நீளும், லேசில் அறாது. நல்ல மரத்தின் மொட்டை எடுத்து வேறு கன்றில் வைத்துக் கட்டினால் ஒட்டுக்கன்று.

மனிதருக்கும் அதே சொல்தான். புது மருமகள் பழகிவிட்டால் 'ஒட்டிக்கிட்டா'. சண்டை முற்றினால் 'ஒட்டும் இல்ல, உறவும் இல்ல'. திருக்குறளிலேயே பகைவருக்கு 'ஒட்டார்' என்ற பெயர் உண்டு.

பாசம் தூரத்தில் இருந்தாலும் இருக்கும். ஒட்டுதலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். லயத்தில் அது தானாக நடந்தது. விடியுமுன் தாய்மார்கள் வேலைக்குப் போனால், எல்லார் பிள்ளையும் ஆயாக் கொட்டகையில் ஒன்றாக வளர்ந்தது.

ஐம்பதுகளின் இறுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, அதற்கு நம்மவர்கள் வைத்த பெயர் 'துண்டாடல்'. அதை எதிர்கொள்ள 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டித் தோட்டங்களை வாங்கினார்கள். ஒட்டி வாழ்ந்தவர்களால்தான் அது முடிந்தது.

பாட்டியின் தோட்டத்தில் இன்று செம்பனை நிற்கிறது. லயத்து ஆட்கள் ஆளுக்கொரு அடுக்குமாடியில். எங்களைத் துண்டாட யாரும் வரவில்லை. ஆளுக்கொரு கைப்பேசியோடு நாங்களே ஒதுங்கிக்கொண்டோம்.

இப்போது சனிக்கிழமை நிகழ்ச்சி முடிந்ததும் நேரே சிரம்பான் போகிறேன். கைப்பேசி பைக்குள். ஒட்டுக் கட்டினால் மூன்று வாரம் கழித்துத்தான் பிரித்துப் பார்ப்பார்களாம், பிடித்ததா இல்லையா என்று. அதைச் சொன்னதும் பாட்டிதான்.

"நான் ஒட்டிக்கிட்டேனா பாட்டி?" என்று கேட்டேன்.

சிரித்தார். "ரெண்டு வாரந்தானேம்மா ஆச்சு?"