காட்டு மரமும் சட்டமும்: தெரிந்து கொள்ளுங்கள்



"காட்டுல ரெண்டு கொம்பு வெட்டுனதுக்கா கோர்ட்டு, கேசு?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். ஆமாம், அதற்கும் வழக்கு உண்டு. 2009ஆம் ஆண்டு வனக் கட்டளைச் சட்டம் திருத்தப்பட்டபோது தண்டப்பணமும் சிறைத்தண்டனையும் முன்னைவிடக் கடுமையாக்கப்பட்டன. "எனக்குத் தெரியாதுங்க ஐயா" என்று நீதவான் முன்னால் சொல்லித் தப்ப முடியாது. ஆகவே இந்த விஷயத்தை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

ஏன் இவ்வளவு கடுமை?

மலைநாட்டுக் காடுதான் நாட்டின் தண்ணீர்த் தொட்டி. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்திலிருந்து நீர் வருகிறது. 5,000 அடிக்கு மேலே உள்ள காட்டை அழிக்கக் கூடாது என்று 1873லேயே வெள்ளைக்காரத் தாவர அறிஞர் ஹூக்கர் எச்சரித்தார். 2010இல் ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாத மலைக்காடு, நக்கிள்ஸ் மலைக்காடு மூன்றும் சேர்ந்து உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. மேலே காடு அழிந்தால் கீழே நம்ம பீலியில் தண்ணீர் வற்றும். பெருமழையில் மண் சரிந்தால் முதலில் புதைவது நம்ம லயம்தான்.

எது குற்றம்?

ஒதுக்கப்பட்ட காட்டில் மரம் வெட்டுவது மட்டும் குற்றமல்ல. கிளை தறிப்பது, பட்டை உரிப்பது, தீ வைப்பது, மாடு மேய விடுவது, தேன், பிரம்பு, பிசின் போன்ற காட்டுப் பொருள்களை எடுப்பது எல்லாமே குற்றம். வெட்டியவனைத் தேடுவதோடு சட்டம் நிற்பதில்லை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் மரத்தை ஏற்றிச் செல்பவனும், களவு மரத்தை வீட்டில் ஒளித்து வைத்திருப்பவனும் மாட்டிக் கொள்வான். ஒரு மரம் அரசாங்கத்துடையதா இல்லையா என்ற கேள்வி வந்தால், அரசாங்கத்துடையது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நாம்தான்.

குற்றம் நிரூபணமானால் கத்தி, வாள், லொறி எல்லாம் பறிமுதலாகும். வாகனம் வேறொருவருடையது என்றால், குற்றம் நடக்காமல் தடுக்க எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்தேன் என்று அவர் நிரூபிக்க வேண்டும். அண்ணன் தம்பிக்கென்றாலும் எதற்கு என்று கேட்காமல் வேன் கொடுக்காதீர்கள்.

பலா, ஈரப்பலா மரங்களுக்குத் தனிச் சட்டமே உண்டு. 1951ஆம் ஆண்டின் மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, சொந்தக் காணியில் நின்றாலும் அனுமதி பெற்றே வெட்ட வேண்டும். "லயத்துக்குப் பக்கத்துல நான் நட்ட மரம்தானே" என்று நினைத்து எந்த மரத்திலும் கத்தி வைக்காதீர்கள். நிலம் நம்முடையதல்ல. தோட்டத்து ஒபீசில் எழுத்தில் அனுமதி கேளுங்கள்.

யார் மாட்டுகிறார்கள்?

வேலை குறைந்த மாதத்தில் ஒரு தம்பியிடம் வெளியாள் ஒருவன் வருகிறான் என்று வைத்துக் கொள்வோம். "ராத்திரி ரெண்டு மணித்தியாலம் சுமந்து விடு, ரெண்டு நாள் சம்பளம் தாறேன்" என்கிறான். வல்லப்பட்டை என்றால் இன்னும் கூடக் காசு காட்டுவான். வாசனைத் தொழிலுக்காக வெளிநாட்டில் பெரிய விலை போகும் மரம் அது. பிடிபடும்போது தோளில் சுமை வைத்திருப்பது நம்ம பிள்ளை. காசு கொடுத்தவன் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு வழக்குத் தவணைக்குத் தவணை பேர் போகும், பஸ் காசு போகும், கடைசியில் பொண்டாட்டி தோடும் அடகுக்குப் போகும்.

காட்டைக் காக்கச் சட்டம் கடுமையாக இருப்பது சரியே. ஆனால் சுமப்பவனோடு நின்றுவிடாமல், வாங்குபவன் வரைக்கும் அது போக வேண்டும். அடுப்புக்கு விறகில்லாத குடும்பத்துக்கும் ஒரு வழி வேண்டும். 2022இல் காஸ் கிடைக்காமல் ஊரே விறகுக்கு அலைந்ததை யாரும் மறக்கவில்லை. ஆகவே கவ்வாத்து மிலாறும், தோட்டத்தில் தறிக்கும் மரத்தின் கழிவு விறகும் முறையாகப் பங்கிடப்பட வேண்டும் என்று தலைவர்மார் மூலம் நிர்வாகத்திடம் கேளுங்கள். இது பிச்சை கேட்பதல்ல, நியாயமான கோரிக்கை.

பிடிபட்டால் என்ன செய்வது?

ஓடாதீர்கள், அதிகாரிகளோடு மல்லுக்கட்டாதீர்கள். உங்களுக்கு விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கைநாட்டோ கையெழுத்தோ வைக்காதீர்கள். தமிழில் வாசித்துச் சொல்லும்படி கேளுங்கள். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பு கேட்பது உங்கள் உரிமை. தவணையைத் தவற விட்டால் பிடியாணை வரும். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக உதவத்தான் அது 1978இல் அமைக்கப்பட்டது.

எது காடு, எது தோட்டம் என்று எல்லை தெரியாவிட்டால் கிராம உத்தியோகத்தரிடமோ வன அலுவலகத்திலோ கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். பொழுது பட்ட பிறகு யாராவது வந்து "சும்மா ஒரு சுமைதான் தம்பி" என்று கூப்பிட்டால், வீட்டுப் பெரியவர்களே, பிள்ளையை வாசலிலேயே மறித்து நிறுத்துங்கள்.