ஓய்ந்திருக்கும் தசையும் உதவும்

தைப்பூசத்தையொட்டிக் கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து புறப்படும் வெள்ளி இரதத்தைத் தொடர்ந்து, பத்துமலை வரை ஏறத்தாழ 15 கிலோ மீட்டர் நடந்து, பின்னர் 272 படிகளையும் ஏறுவோர் நம்மில் பலர். உழைப்பவை கால்கள், வெறுங்கையுடன் செல்வோரின் கைத்தசைகளோ பெரும்பாலும் ஓய்ந்தே இருக்கின்றன. அத்தசைகளில் சேர்ந்துள்ள சக்தி என்னவாகிறது?

நாம் உண்ணும் சோற்றின் மாச்சத்தில் ஒரு பகுதி, கிளைக்கோஜன் என்னும் பொருளாக உடலில் சேமிக்கப்படுகிறது. நன்கு உண்டவரின் கல்லீரலில் சுமார் 100 கிராமும், தசைகள் அனைத்திலும் சேர்த்துச் சுமார் 400 கிராமும் இருக்கும். கல்லீரல் தன் இருப்பைச் சர்க்கரையாக்கி இரத்தத்தில் விடும். தசையால் அது இயலாது. அதற்குரிய நொதி தசையில் இல்லை. ஆகவே கையின் இருப்பு காலுக்கு உதவாது என்றே எண்ணத் தோன்றும்.

ஆனால், நெடுநேரம் உழைக்கும்போது இரத்தத்தில் பெருகும் அட்ரினலின், ஓய்ந்திருக்கும் தசையிலுள்ள கிளைக்கோஜனையும் சிதைக்கிறது. அது லாக்டேட்டாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. இதயமும் உழைக்கும் தசைகளும் அதில் ஒரு பகுதியை எரித்துக்கொள்ள, மற்றொரு பகுதியைக் கல்லீரல் மீண்டும் சர்க்கரையாக்குகிறது. கால்கள் நெடுநேரம் உழைக்கையில் ஓய்ந்திருக்கும் முன்கையிலிருந்து லாக்டேட் வெளிவருவதை 1982-இல் ஆல்போர்க், ஃபெலிக் என்னும் ஆய்வாளர்கள் அளந்து காட்டினர்.

லாக்டிக் அமிலம் உடலில் தேங்கும் நஞ்சு என்றும், மறுநாள் தொடை வலிப்பது அதனால்தான் என்றும் கூறுவோர் இன்றும் உளர். அது பொருந்தாது. ஓரிரு மணி நேரத்தில் அதன் அளவு பழைய நிலைக்கு வந்துவிடும். மறுநாள் வலி, குறிப்பாகப் படியிறங்கும்போது தசைநார்களில் ஏற்படும் நுண்ணிய சிதைவினால் வருவது.

பால்மரக் காட்டில் நிலைமை சற்று வேறு. விடியற்காலையில் நிரைக்குச் செல்வோரின் கல்லீரல் இருப்பு இரவிலேயே பெரிதும் குறைந்திருக்கும். மரத்துக்கு மரம் கால் நடக்கிறது; கை மரத்தைச் சீவுகிறது. ஓய்ந்திருந்து உதவும் தசைகள் குறைவு. அவை தரும் உதவியும் மெதுவாகவே வந்து சேரும். ஆதலால் வெறும் தேநீரோடு புறப்படாமல் பசியாறிச் செல்வதே நலம்.

நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மேலும் கவனமாயிருத்தல் வேண்டும். இன்சுலின் மிகுந்தால் கல்லீரல் சர்க்கரையை வெளிவிடுவது தடைப்படும். தசைகளின் உதவி போதாது. விரதமிருந்து பத்துமலைக்கு நடக்க விரும்புவோர், மருந்தின் அளவு குறித்து முன்னதாகவே மருத்துவரைக் கேட்டறிய வேண்டும். வழியில் திடீரென வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றினால் உடனே உட்கார்ந்து சர்க்கரை கலந்த பானம் அருந்த வேண்டும்.