டாபூஸ் பாறையின் ஒட்டகச்சிவிங்கிகள்

சகாராப் பாலைவனத்துப் பாறைகளில் நீர்யானையையும் முதலையையும் செதுக்கியவன் அவற்றைக் கண்ணால் கண்டிருப்பானா என்று வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். கண்டுதான் செதுக்கினான். சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 5,000 ஆண்டுகளுக்கு முன்வரை, பூமியின் அச்சு மெல்லத் தலையாட்டுகிற இயல்பினால் வடபாதியில் கோடை வெயில் உக்கிரமடைந்து, பருவமழை இன்று எட்டாத தூரம்வரை சென்று பொழிந்தமையால், ஏரியும் புல்வெளியுமாக விளங்கிய பிரதேசம் அது.

பாலைப் பாறைகள் பலவற்றின்மேல் இரும்பும் மாங்கனீசும் களிமண்ணும் கலந்த கரும்பூச்சொன்று, யுகயுகமாகப் படிந்திருக்கும். அதைக் கடினமான கல்லால் கொத்தினால் உள்ளிருக்கும் வெளிர்நிறம் தோன்றும். எங்கள் தெருவுக்கு அம்மி கொத்த வருகிறவர் புள்ளி புள்ளியாகத் தட்டிக்கொண்டே போக, மசாலாவும் எண்ணெயும் ஏறிக் கறுத்த கல்லின் முகம் வெளுத்துக்கொண்டு வருமே, அதே வித்தைதான். புள்ளிகளை இணைத்துப் பள்ளமாக்கித் தேய்த்து வழுவழுப்பாக்கியதும் உண்டு. செதுக்கிய கோடும் காலப்போக்கில் மறுபடி கறுக்குமாதலால், எது முந்தியது என்பதை ஒருவாறு ஊகிக்கலாம்.

இவ்வகைச் சித்திரங்களில் என் மனத்தை விட்டு அகலாதவை, நைஜர் நாட்டில் அயிர் மலைப் பக்கத்தில் டாபூஸ் என்னுமிடத்திலுள்ள இரண்டு ஒட்டகச்சிவிங்கிகள். தரையில் நிற்பவர் கண்ணுக்கு அவை படா, மணற்பாறையின்மேல் ஏறவேண்டும். பெரியது ஆண், 5.4 மீட்டர், அதாவது உயிருள்ள விலங்கின் அளவேதான். தோலின் திட்டுக்களை ஒவ்வொன்றாக அத்தனை சிரத்தையோடு செதுக்கியவன், விலங்கின் வாயருகிலிருந்து ஒரு கோட்டை வளைத்துக் கீழிறக்கி, அதன் நுனியில் ஒரு சின்னஞ்சிறு மனிதனை நிறுத்தியிருக்கிறான். சகாராவின் வேறு இடங்களிலும் இக்கோடு உண்டு. கயிறு என்பார் சிலர். மந்திரபந்தம் என்பார் சிலர். கயிறு என்று ஒப்ப எனக்கு மனம் வரவில்லை. பிடித்தவன் பெருமையைச் சொல்லவந்த சித்திரமாயின், அவனை ஏன் இவ்வளவு அற்பமாகச் செதுக்கவேண்டும்? மனிதன் விலங்கைப் பிடித்திருக்கிறானா, விலங்கு அவனைப் பிடித்திருக்கிறதா என்றே சொல்ல இயலவில்லை.

இவை ஆராய்ச்சியாளரால் பதிவுசெய்யப்பட்டது 1987-ல். பிறகு வந்தவர்களோ சித்திரத்தின்மேலேயே நடந்தார்கள், தங்கள் பெயர்களைக் கீறினார்கள், துண்டுகளைப் பெயர்த்தெடுத்தும் போனார்கள். பாறையிலும் கோயில் தூணிலும் பெயர் கீறுகிற ஆசை எந்தத் தேசத்தாருக்கும் குறைவில்லை போலும்! 1999-ல் அச்செடுத்து, அலுமினியத்தில் வார்த்த பிரதியொன்றை அகதேஸ் நகர விமான நிலையத்தருகே வைத்தார்கள். அதைவிட விவேகமான காரியம், காவலாக துவாரெக் இனத்துக் குடும்பமொன்று அங்கேயே தங்கி வாழும்பொருட்டுக் கிணறு வெட்டிக் கொடுத்ததுதான் என்பது என் அபிப்பிராயம்.