நார்த்தை இலையில் வெள்ளிக்கோடு

கும்பகோணத்தில் அம்மா கொடுத்த நார்த்தங்கன்று, கோரமண்டல் எக்ஸ்பிரஸில் என் மடியிலேயே கொல்கத்தா வந்து சேர்ந்தது. வேப்பிலைக்கட்டி இடிக்க நார்த்தை இலை இங்கே எங்கே கிடைக்கிறது?

மாடித் தொட்டியில் அது துளிர்விட்டது. ஆனால் இலைக்கு இலை வளைந்து வளைந்து வெள்ளிக்கோடுகள், ஓரமும் சுருண்டுவிட்டது. மருந்து தெளிக்கப் போன என்னைப் பக்கத்து வீட்டு வங்காளிப் பேராசிரியர் தடுத்தார்.

இலைக்குள் சுரங்கம் தோண்டும் அந்துப்பூச்சியின் புழுவாம் இது. இலைத்தோலுக்கு அடியிலேயே தின்றுகொண்டு போகும். நடுவில் தெரியும் கறுப்புக்கோடு அதன் எச்சம். வளர்ந்த பூச்சி, இறக்கை விரித்தால் சுமார் 4 மில்லிமீட்டர்தான்!

1856-ல் ஸ்டெயின்டன் என்ற ஆங்கிலேயர் இதற்கு அறிவியல் பெயர் சூட்டியது, கல்கத்தாவில் பிடித்த பூச்சிகளைக் கொண்டுதான். தமிழ்நாட்டு எலுமிச்சைத் தோட்டங்களிலும் இது உண்டு. 1993-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவையும் எட்டிவிட்டது.

தாக்குவது பெரும்பாலும் இளந்துளிரைத்தான். மருந்தடித்தால், புழுவை அழிக்கும் சிறு குளவிகளும் மடியும். கோடு விழுந்த இலையையும் கிள்ள வேண்டாம். மிஞ்சிய பச்சை செடிக்குச் சோறு போடும் என்றார்.

விட்டுவைத்தேன். அடுத்த துளிரில் பாதிக்கு மேல் தப்பியது. சென்ற மாதம் வேப்பிலைக்கட்டி இடித்தோம். பேராசிரியர் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போயிற்று.