காவலர் மார்பில் ஒரு கண்

சென்ற கோடை விடுமுறையில், சந்தைக்குப் போய்விட்டு எங்கள் குமாரலிங்கபுரத்துக்குத் திரும்பிக் கொண்டிருந்த என் சித்தப்பாவை வாகனச் சோதனையில் நின்ற காவலர் ஒருவர் மறித்தார். கன்னத்தில் அறைந்தார் என்கிறார் சித்தப்பா. தகாத சொல் பேசினார் என்றார் காவலர். சித்தப்பா முன்கோபி என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால், நடந்ததைக் கண்டவை சுற்றிலும் நின்ற சீமைக் கருவேல மரங்கள்தாம்! அந்த வழக்கு இன்னும் எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்து கொண்டிருக்கிறது.

இத்தகைய வழக்குகளுக்கென்றே வந்திருப்பது காவலர் சட்டையில் மாட்டும் கேமரா. கைக்கு அடக்கமானது. பொத்தானை அழுத்தினால் படமும் பேச்சும் பதிவாகும். பலவற்றில், அழுத்துவதற்கு முந்திய சில நொடிக் காட்சியும் சேர்ந்து கொள்ளும்.

கலிபோர்னியாவின் ரியால்டோ என்னும் சிறு நகரில் 2012-இல் ஓராண்டுச் சோதனை தொடங்கினார்கள். காவலர் மீதான புகார்கள் ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்தன. உலகமே வியந்தது. ஆனால் வாஷிங்டன் நகரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காவலரை வைத்துச் செய்து, 2017-இல் வெளியிட்ட ஆய்வில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தென்படவில்லை.

காவலருக்கும் இக்கருவி துணைதான். 2024 செப்டம்பரில் அருப்புக்கோட்டை மறியலில் பெண் டி.எஸ்.பி. ஒருவரின் தலைமுடியைப் பிடித்து இழுத்ததை நாடே திரையில் கண்டது. படம் இல்லாதிருந்தால் அதுவும் இரு தரப்புக் கதையாகியிருக்கும்.

குறைகளும் உண்டு. மார்பிலுள்ள கேமரா எதிரே நிற்பவரின் முகத்தைக் காட்டும். அணிந்தவரின் முகத்தைக் காட்டாது. கணவனின் அடி தாங்காமல் புகார் சொல்ல வரும் பெண்ணின் கண்ணீரும் அதில் பதியும். அது ஊர்க் கைப்பேசிகளில் சுற்றினால் அவள் கதி என்ன?

எல்லாவற்றிலும் பெரிய கேள்வியைச் சித்தப்பாதான் கேட்டார்: "படம் யாருகிட்டப்பா இருக்கும்?"

"போலீஸ்கிட்டதான்" என்றேன். சிரித்துவிட்டார்.

சிரிப்பில் நியாயம் இருக்கிறது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு மாண்டபோது, அந்நிலையத்தில் கேமரா இருந்தது. ஆனால் அன்றாடப் பதிவு அன்றன்றே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை விசாரணைக்குச் சென்ற நீதித்துறை நடுவர் கண்டார். அவ்வாண்டு டிசம்பரில், எல்லா நிலையங்களிலும் ஒலியோடு கூடிய கேமரா வேண்டும், பதிவை ஓராண்டுக்குக் குறையாமல் காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆனால் 2025 ஜூனில், திருப்புவனத்தை அடுத்த மடப்புரத்தில் கோயில் காவலாளியான இளைஞர் அடிபட்டது நிலையத்துக்குள் அன்று, கோயிலின் பின்புறத்தில். அடித்தவர்கள் சீருடையில்லாத தனிப்படையினர். அதைப் படம் பிடித்தது, மறைந்து நின்ற ஒருவரின் கைப்பேசி!

ஆகவே நான் கேமராவை வரவேற்கிறேன். ஆனால் சில நிபந்தனைகளோடு. சாதாரண உடையில் செல்லும் தனிப்படைக்கும் அது கட்டாயமாக வேண்டும். பொத்தானை ஏன் அணைத்தார் என்பதற்குக் காவலர் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். பதிவின் ஒரு படி அன்றைக்கே நீதிமன்றத்தின் பொறுப்புக்குச் செல்ல வேண்டும். என் சித்தப்பாவைப் போன்றவர்கள் ஒரு மனு எழுதிக் கொடுத்தால், தம்மைப் பற்றிய படத்தைத் தாமும் பார்க்க வழி வேண்டும்.